நடுவில் நீட்டிய கை: பாட்டனி டவுன்ஸ் பனித்தளத்துக்கு ஒரு சனிக்கிழமைப் பயணம்

இந்தப் பதிவில் வருபவை:

1. ஹென்டர்சனிலிருந்து பாட்டனி டவுன்ஸ் வரை இரண்டு பஸ் பிடித்துப் போன வழி.
2. கேர்லிங் ஆட்டத்தில் நிற்க வேண்டிய இடமும் நிற்கக் கூடாத இடமும்.
3. பிந்தாமல் ஆடுவதற்கு வேண்டியது காலுக்கு ஒரு நல்ல ரப்பர் உறை. மற்றவை பிறகு.
4. ஐந்தாவது சுற்றில் நான் செய்த காரியம்.
5. திரும்பி வந்த பயணமும், புதிதாகப் போகிறவர்களுக்குச் சில யோசனைகளும்.

எதையும் இப்படி இலக்கம் போட்டு வைத்தால்தான் எனக்குக் கொஞ்சம் பயம் தெளியும். நில அளவைத் திணைக்களத்தில் முப்பது வருடத்துக்கு மேல் வரைபடம் வரைந்தவன் நான். எல்லைக்கல் இல்லாத இடத்தில் எனக்கு நிற்கத் தெரியாது.

சென்ற மாதம் ஒரு வாசகர் எழுதியிருந்தார். மகனோடு வாழ ஆக்லாந்து வருகிறாராம். அறுபது தாண்டிவிட்டது. மகனின் நண்பர்கள் கேர்லிங் கிளப் ஒன்றுக்குக் கூப்பிடுகிறார்களாம். “விழுந்துவிடுவேனோ என்ற பயத்தைவிட, மற்றவர்களை மறித்துக்கொண்டு நிற்பேனோ என்ற பயம்தான் பெரிதாக இருக்கிறது” என்று அவர் எழுதிய வரியைப் படித்ததும், யாரோ என் கடிதத்தை எனக்கே திருப்பி அனுப்பியது போல இருந்தது. அவருக்காகத் தொண்ணூறுகளின் நடுவில், ஒரு யூலை மாதச் சனிக்கிழமையன்று நான் போய்வந்த பயணத்தை எழுதுகிறேன்.

ஆட்டத்தை அறியாதவர்களுக்குச் சுருக்கமாக: உறைபனித் தளத்தின் ஒரு முனையிலிருந்து, பிடி வைத்த இருபது கிலோ கருங்கல் ஒன்றைச் சறுக்கி விட வேண்டும். நாற்பது மீற்றர் தள்ளி மறுமுனையில் பனியில் வரைந்த ஒரு பெரிய வட்டம் இருக்கும். கல் அதன் நடுவுக்குக் கிட்டப் போய் நிற்க வேண்டும். ஒரு பக்கத்துக்கு நான்கு பேர், ஆளுக்கு இரண்டு கல். கல் ஓடும்போது அதே அணியில் இருவர் அதற்கு முன்னால், துடைப்பம் போன்ற ஒரு தும்புத்தடியால் பனியைத் தேய்த்துக்கொண்டு ஓடுவார்கள். தேய்த்தால் கல் இன்னும் தூரம் போகும். பதினாறு கல்லும் முடிந்தால் ஒரு சுற்று. அப்போது வட்டத்துக்குள், நடுவுக்கு மிகக் கிட்ட யாருடைய கல் நிற்கிறதோ அவர்களுக்கே புள்ளி. எங்கள் கிளப்பில் எட்டுச் சுற்று ஒரு ஆட்டம்.

இதற்குள் என்னை இழுத்துவிட்டவர் அருளப்பு. மன்னார்க்காரர், என் மருமகனின் நண்பர், அப்போது நாற்பத்தைந்து வயதிருக்கும். ஈஸ்ட் டாமாக்கியில் ஒரு தொழிற்சாலையில் இயந்திரம் பொருத்தும் வேலை. கூட வேலை செய்த ஒருவர் அவரைக் கிளப்புக்குக் கூட்டிப் போயிருக்கிறார். அருளப்பு என்னை, “சும்மா பாக்க வாங்கோ ஐயா, வீட்டுக்குள்ளை இருந்து என்ன செய்யப்போறியள்?” என்று கூட்டிப் போனார். அன்று பார்த்து ஒரு ஆள் குறைந்தது. என் வாழ்க்கையின் ஆபத்துகள் எல்லாம் ‘சும்மா பாக்க’ என்றுதான் தொடங்கியிருக்கின்றன.

பயந்துகொண்டே போனேன், ஆனால் போகாமல் இருக்க முடியவில்லை. மனைவி போன பிறகு நான் மகள் வீட்டில் இருந்தேன். மகளுக்கும் மருமகனுக்கும் வேலை. பேரப்பிள்ளைகள் ஆங்கிலத்தில் ஒரு சொல்லில் பதில் சொல்லிவிட்டு அறைக்குள் போய்விடுவார்கள். கிழமையில் ஒரு நாள், இரண்டு மணித்தியாலம், நான் வராவிட்டால் மூன்று பேர் “எங்கே ஆள்?” என்று கேட்கும் இடம் அது ஒன்றுதான். அந்த இடம் போய்விடும் நிலைமை வந்தது.

வியாழக்கிழமை அருளப்பு தொலைபேசியில் கூப்பிட்டார்.

“ஐயா, ஒரு விசயம் கதைக்க வேணும். கோவிக்கப்படாது.”

“சொல்லும்.”

“ரெண்டு கிழமையா எங்கடை ஆட்டம் மட்டும் முடியேல்லை எல்லோ. மற்ற ஆக்கள் எட்டுச் சுற்றும் முடிச்சுப்போட்டு நிக்கினம், நாங்கள் ஆறிலை நிக்கிறம். கமிட்டியிலை கதைச்சிருக்கினம். இந்தச் சனியும் முடியாட்டி முதல் ஆளை மாத்த வேணுமாம் எண்டு மோராக் சொல்லுறா.”

முதல் ஆள் நான்தான். ஒவ்வொரு சுற்றிலும் அணியின் முதல் இரண்டு கல்லையும் விடுகிறவன். மோராக் எங்கள் அணித்தலைவி, எழுபதைத் தொட்ட பெண்மணி. தென்தீவின் ஒட்டாகோ மலைப்பக்கத்தில் உறைந்த அணைக்கட்டுக் குளங்களில் ஆடி வளர்ந்தவர். கோபப்பட மாட்டார், கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார். அது கோபத்தைவிட மோசம்.

“ஏன் பிந்துது எண்டு சொன்னவையோ?” என்று கேட்டேன்.

“அது… நீங்கள் கொஞ்சம் ஆறுதலா… வயசுதானே ஐயா,” என்றார் அருளப்பு.

அடுத்த நாள் காலை ஹென்டர்சன் கடைத்தெருவில் சப்பாத்துத் திருத்துகிறவரிடம் போனேன். அணிந்த சப்பாத்துக்கு மேலாக இழுத்து மாட்டும் ரப்பர் உறை ஒன்று செய்து தந்தார். அடியில் சிறு சிறு முடிச்சுகள். ஈரத் தரையில் நின்று பார்த்தேன், அசையவில்லை. வேகமாக நடக்கலாம் என்று நம்பிக்கை வந்தது. அது ஒன்றுதான் அந்தக் கிழமை எனக்கு வந்த நம்பிக்கை.

சனிக்கிழமை பகல் அருளப்புக்கு வேலை. தொழிற்சாலையிலிருந்து நேரே பனித்தளத்துக்குப் போய்விடுவார். திரும்பும்போதுதான் அவருடைய வான் வண்டியில் வரலாம், போவதற்கு நான் பஸ்தான் பிடிக்க வேண்டும். (நான் கார் ஓட்டுவதில்லை. மோட்டர்வேயில் நுழையும் அந்த ஒரு கணத்தில் பின்னால் வருகிறவர் என்னை மன்னிப்பார் என்று எனக்கு நம்பிக்கை இல்லை.) ஹென்டர்சனில் இரண்டு மணிக்கு ஏறினேன். நகரத்துக்கு ஒரு மணித்தியாலம். அங்கிருந்து கிழக்குப் பக்கம் போகும் பஸ் இன்னும் ஒரு மணித்தியாலத்துக்குக் கிட்ட. மொத்தம் முப்பத்தைந்து கிலோமீற்றர் வரும். அன்றைய விலையில் இரண்டு பஸ்ஸுக்குமாக எட்டு டொலருக்குச் சற்றுக் குறைவு. இன்று வழித்தடங்கள் எல்லாம் மாறிவிட்டன, என் கணக்கை நம்பிப் புறப்பட வேண்டாம்.

பஸ்ஸில் என் பிரச்சினை அந்தத் தும்புத்தடி. கிளப்பில் எல்லோரும் தங்கள் தடியைத் தாங்களே கொண்டுவர வேண்டும். ஒரு பழைய உத்தியோகத்தர் சனிக்கிழமை பகலில், கம்பளிக் கோட்டும் போட்டுக்கொண்டு, கையில் கூட்டுமாறோடு ஊருக்குள் பயணம் செய்வதை யோசித்துப் பாருங்கள். தலைப்பக்கத்தைக் கடைப் பையால் சுற்றி, நூலால் கட்டி, குடை போலப் பிடித்திருந்தேன். நகரத்தில் ஏறிய இரண்டாவது பஸ்ஸின் சாரதி சமோவாக்காரர், பெரிய உருவம். பையை ஒருமுறை பார்த்தார்.

“பஸ்ஸைக் கூட்டப் போறீங்களோ? பின்பக்கம்தான் மோசம்.”

“இல்லை, இது விளையாட்டுக்கு.”

“கூட்டுறது ஒரு விளையாட்டா? என் மனைவிக்குச் சொல்லிப்போடாதீங்க.”

பஸ்ஸே சிரித்தது. நானும் சிரித்தேன். இறங்கும் இடத்தை அவரே ஞாபகம் வைத்துச் சொன்னார். நான் மூன்று முறை நன்றி சொன்னேன். மூன்றாவது நன்றிக்குக் கதவு மூடிவிட்டது.

அங்கிருந்து பதினைந்து நிமிட நடை. இன்று பாட்டனியில் பெரிய கடைத்தொகுதி இருக்கும் இடத்தில் அன்று புல்வெளியும், புதிதாக வெட்டிய வீட்டு மனைகளும்தான். மாலைக் குளிர் ஏறத் தொடங்கியிருந்தது. ரப்பர் உறை பையில் இருக்கிறதா என்று வழியில் இரண்டு தரம் நின்று பார்த்தேன். தகரக் கூரை போட்ட அந்தப் பெரிய கட்டடம் தெரிந்ததும் நடையைக் குறைத்தேன். உள்ளே போகும் கதவைத் திறந்தால் முதலில் முகத்தில் அடிப்பது குளிர் இல்லை, ஒரு மணம். ஈர ரப்பரும் பொரித்த உருளைக்கிழங்கும் கலந்த மணம்.

ஐந்து மணியிலிருந்து ஏழு மணிவரை தளம் எங்களுக்கு. ஆறேமுக்காலுக்கு ஒரு மணி அடிப்பார்கள். மணிக்குப் பிறகு புதிய சுற்றுத் தொடங்கக் கூடாது, தொடங்கியதை முடிக்கலாம். ஏழு மணிக்குத் தளம் ஐஸ் ஹொக்கி ஆடுகிறவர்களுக்கு. அவர்கள் ஆறரைக்கே வந்து, தோளில் கவசம் போட்டபடி, தடுப்புச் சுவரில் சாய்ந்துகொண்டு எங்களைப் பார்ப்பார்கள். எமதூதர்கள் வாசலில் காத்திருப்பது போல இருக்கும்.

அன்று எங்களுக்கு எதிரணி பாரியின் அணி. பாரி ஓய்வு பெற்ற லொறிச் சாரதி, கிளப் கமிட்டியில் இருப்பவர். எங்கள் தாமதத்தைப் பற்றிக் கமிட்டியில் கதைத்தவரும் அவர்தான் என்று எனக்குத் தெரியும். சிவந்த முகம், தடித்த விரல்கள், அதிகம் பேசமாட்டார். ஆட்டம் தொடங்கும் முன் எட்டுப் பேரும் ஒருவருக்கொருவர் கை கொடுத்து “குட் கேர்லிங்” என்று சொல்வது வழக்கம். முடிந்ததும் அதேபோல ஒருமுறை. பாரியின் கைக்குள் என் கை காணாமல் போய்த் திரும்பி வந்தது.

இனி, நிற்கும் முறை. எதிரணிக்காரர் கல்லை விடக் குனிந்துவிட்டால், நீங்கள் இருக்கும் இடத்தில் சிலையாகிவிட வேண்டும். தளத்தின் நடுப்பகுதியில், ஓரமாக, வரிசையாக நிற்க வேண்டும். வட்டத்துக்குப் பின்னால் இரண்டு பக்கத் தலைவர்கள் மட்டும் நிற்கலாம், அவர்களும் தடியை அசைக்கக் கூடாது. குனிந்திருப்பவரின் பார்வைக் கோட்டில் ஒரு நிழல் அசைந்தாலும் குற்றம். அடுத்து விட வேண்டியவர் நீங்கள் என்றால், முன்கல் ஓய்ந்து நிற்கும்போது உங்கள் கல் துடைக்கப்பட்டு ஆயத்தமாக இருக்க வேண்டும். இவ்வளவும் எனக்கு மனப்பாடம். மனப்பாடமாகத் தெரிந்த ஒன்றைச் செய்ய முடியாமல் போவது வேறு வகைத் துன்பம்.

என்ன செய்தேன் என்று ஒளிக்காமல் சொல்கிறேன். என் கல்லை விடும் முன் மோராக்கைப் பார்த்து ஒருமுறை தலையசைப்பேன், எதிரணி முதல் ஆளைப் பார்த்து “விடலாமா?” என்பேன். கல் பிழைத்துப் போனால் தளத்தின் மறுமுனைவரை நடந்துபோய் மோராக்கிடம் மன்னிப்புக் கேட்பேன். எதிரணியின் கல் நன்றாக அமைந்தால் அவரிடமும் போய்ப் பாராட்டிவிட்டு வருவேன். குறுக்கே யாராவது வந்தால் வழி விடுவேன், அவர் எனக்கு விடுவார், நான் திரும்ப அவருக்கு விடுவேன். சுற்று முடிந்ததும் பதினாறு கல்லையும் பின்பக்கம் ஒதுக்க வேண்டும். மற்றவர்கள் காலாலோ தடியாலோ தள்ளிவிடுவார்கள். எனக்குக் கால் வராது. மற்றவர் கையால் பிடிக்கும் பொருளைக் காலால் தள்ளுவது எப்படி? ஒவ்வொன்றாகக் குனிந்து, பிடியைப் பிடித்து, கையால்தான் தள்ளுவேன். ஒரு தடவை கால் பட்டுவிட்டால் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வேன்.

எங்கள் இரண்டாவது ஆட்டக்காரி கலா, சென்னைப் பெண். கணினி நிறுவனத்தில் வேலை, வீடு பாட்டனி டவுன்ஸிலேயே. அவள் என்னை விடுவதில்லை.

“அங்கிள், கல்லுக்கெல்லாம் நமஸ்காரமா? அப்படியே ஒரு தேங்காயும் உடைச்சிடலாம்.”

“பழக்கம் பிள்ளை.”

“ஆமா, அது ஸ்காட்லாந்துக் கல்லுன்னு சொல்றாங்க. உங்க பாஷை அதுக்குப் புரியாது.”

“அவரை விடும் கலா,” என்றார் அருளப்பு. “ஐயா, நீங்களும் குனியாதேங்கோ. காலாலை தள்ளுங்கோ. கல்லு ஒண்டும் நினைக்காது.”

நான் “ஓம், ஓம்” என்றேன். குனிந்துதான் தள்ளினேன்.

ரப்பர் உறை அருமையாக வேலை செய்தது. ஒருமுறைகூடச் சறுக்கவில்லை. ஆனாலும் நான்கு சுற்று முடிந்தபோது சுவர்க் கடிகாரத்தில் ஆறு மணி ஐந்து நிமிடம். பக்கத்துத் தளத்தில் ஐந்தாவது சுற்றே முடியும் நிலையில் இருந்தது. எங்கள் புள்ளி ஒன்று, அவர்கள் ஆறு. மோராக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

ஐந்தாவது சுற்றின் கடைசிக் கல். பாரி விட வேண்டும். அடித்து வெளியே தள்ளப்பட்ட ஒரு கல் வட்டத்துக்குப் பின்னால் கோணலாகக் கிடந்தது. அதை இப்போதே ஓரத்தில் வைத்துவிட்டால் சுற்று முடிந்தபின் ஒரு கல் மிச்சம், அந்த அளவு நேரம் மிச்சம் என்று எனக்கு ஒரு புத்தி தோன்றியது. போய்க் குனிந்தேன். நிமிர்ந்தபோது மறுமுனையில் பாரி, கல்லை விடக் குனிந்திருந்தவர், எழுந்து நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் நின்ற இடம் அவருடைய பார்வைக் கோட்டின் நட்டநடு.

அந்த நேரத்தில் எனக்குள் நடந்ததை வரிசைப்படுத்த முடியவில்லை. இத்தனை கிழமையும் நான் அஞ்சியது இதற்குத்தான் என்று மட்டும் தெரிந்தது. செய்ய வேண்டியது ஓரமாகப் போய் நிற்பது. நான் செய்தது, நாற்பது மீற்றரும் நடந்து பாரியிடம் போனது. திணைக்களத்தில் எங்கள் பழைய ஆங்கிலேய அதிகாரிகளிடம் ஒரு குணம் இருந்தது. பிழையை ஒப்புக்கொண்டு கை நீட்டினால் விஷயம் அத்தோடு முடிந்துவிடும். அந்த நினைவில், “மன்னிக்க வேண்டும், முழுக்க என் பிழை” என்று ஆங்கிலத்தில் சொல்லி, கையுறையைக் கழற்றி, கையை நீட்டினேன்.

பாரி என் கையைப் பார்த்தார். பிறகு தூரத்தில் நின்ற மோராக்கைப் பார்த்தார். பிறகு இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார்.

“நோ,” என்றார். “நோ, மேட்.”

என் கை அப்படியே நின்றது. அவருடைய அணிக்காரர் ஒருவர் தரையைப் பார்த்தார். இந்த நாட்டுக்கு வந்து அத்தனை வருடத்தில் என் கையை ஒருவர் மறுத்தது அதுவே முதல் தடவை. என் நிறமா, என் வயதா, என் தாமதமா என்று கேட்டுக்கொள்ளக்கூட மூளை வேலை செய்யவில்லை. காது மட்டும் சூடாக இருந்தது. கையுறையை மாட்ட முயன்றேன். விரல்கள் சரியான துளைக்குள் போகவில்லை.

அருளப்பு வந்து என் முழங்கையைப் பிடித்து ஓரத்துக்குக் கூட்டிப் போனார்.

“என்ன அருளப்பு? நான் என்ன செய்துபோட்டன்?”

“பிறகு சொல்லுறன் ஐயா. இப்ப விளையாடுங்கோ. ஒண்டும் கதையாதேங்கோ.”

‘பிறகு சொல்லுறன்’ என்ற சொல்லைப் போலப் பயம் தருவது வேறொன்றும் இல்லை. வைத்தியர்கள் சொல்வார்கள் அப்படி.

அதன்பிறகு நான் யாரையும் பார்க்கவில்லை. யாரிடமும் எதுவும் கேட்கவில்லை. கேட்டால் இன்னொரு கை பின்னால் போய்விடுமோ என்று பயம். என் கல் வரும்போது துடைத்து வைத்திருந்தேன், முறை வந்ததும் விட்டேன். பிழைத்தால் பிழைத்ததுதான், மோராக்கிடம் போகவில்லை. வழியில் யார் வந்தாலும் தலையைக் குனிந்துகொண்டு நேரே போனேன், அவர்களே விலகினார்கள். பாராட்டவில்லை. சுற்று முடிந்ததும் குனியவும் பயமாக இருந்தது. யாருடைய பார்வைக் கோட்டில் நிற்கிறேனோ என்று. காலால் தள்ளினேன். முதல் கல்லைத் தள்ளும்போது உடம்பு கூசியது. நான்காவது கல்லில் கூசியதா என்று கவனிக்கவில்லை.

கலா தடியை ஊன்றிக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

“அங்கிள், காலால தள்ளுறீங்க! என்ன ஆச்சு, சாமி கீமி வந்துடுச்சா?”

நான் அடுத்த கல்லைத் தள்ளினேன். அவள் அதற்குப் பிறகு கேலி செய்யவில்லை. என் முகம் அப்படி இருந்திருக்க வேண்டும்.

ஐந்தாவது சுற்றில் அவர்கள் இன்னுமொரு புள்ளி எடுத்து ஏழானார்கள். ஆறாவதில் நாங்கள் மூன்று எடுத்தோம். மோராக்கின் கடைசிக் கல் இரண்டு கல்லின் இடையால் நூல் கோத்தது போலப் போனது. ஏழாவதில் இரண்டு. ஏழாவது முடிந்து கடிகாரத்தைப் பார்த்தேன்: ஆறு நாற்பத்துமூன்று. நான் எங்கள் முதல் கல்லை விட்டு, அது ஓடிக்கொண்டிருக்கும்போதே மணி அடித்தது. எட்டாவது சுற்றுத் தொடங்கிவிட்டது. தொடங்கிய சுற்றை யாரும் நிறுத்த முடியாது.

ஆறுக்கு ஏழு. அவர்களுக்குத்தான் கடைசிக் கல். பாரி அதை விட்டபோது ஹொக்கிப் பையன்கள்கூடத் தடியால் சுவரைத் தட்டுவதை நிறுத்தினார்கள். வட்டத்துக்குள் எங்கள் கல் ஒன்று நின்றது. பாரியின் கல் மெதுவாக வந்து, அதைத் தொட்டு, வெளியே தள்ளி, தானும் வட்டத்துக்கு வெளியே போனது. யாருக்கும் புள்ளி இல்லை. ஒரு புள்ளியால் தோற்றோம். ஆனால் எட்டுச் சுற்றும் முடிந்திருந்தது.

எல்லோரும் கை கொடுக்கத் தொடங்கினார்கள். நான் தடியின் தலையைத் துடைக்கிற பாவனையில் ஒதுங்கி நின்றேன். என்னிடம் கை நீட்டியவர்களுக்கு மட்டும் கொடுத்தேன். பாரி பக்கம் போகவில்லை. பஸ் இருந்தால் அப்படியே போயிருப்பேன்.

ஆட்டம் முடிந்ததும் மேல்மாடியில் இரண்டு அணியும் ஒரே மேசையில் இருக்க வேண்டும், வென்றவர்கள் தோற்றவர்களுக்கு முதல் பானம் வாங்கித் தர வேண்டும் என்பது கேர்லிங்கின் மாறாத வழக்கம். தப்ப முடியாது. நான் மேசையின் கடைசியில், கோட்டைக் கழற்றாமல் இருந்தேன். பாரி இரண்டு கையிலும் கண்ணாடிக் குவளைகளோடு வந்தார். ஒன்றை என் முன்னால் வைத்தார். ஜிஞ்சர் பியர். நான் மது எடுப்பதில்லை என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. அது என்னை இன்னும் குழப்பியது. மறுமேசைக் கதிரையை இழுத்து என் அருகில் உட்கார்ந்தார்.

“உங்களுக்கு யாரும் சொல்லவில்லையா?” என்று கேட்டார்.

“எதை?”

“ஆட்டத்தின் நடுவில் கை நீட்டினால், நாங்கள் தோற்றுவிட்டோம், போதும், முடிப்போம் என்று அர்த்தம். நான் பிடித்திருந்தால் ஆட்டம் அங்கேயே முடிந்திருக்கும்.”

நான் அருளப்பைப் பார்த்தேன். அவர் சிரிப்பை அடக்கிக்கொண்டு, “அதுதான் ஐயா பிறகு சொல்லுறன் எண்டனான்,” என்றார்.

“ஐந்து புள்ளி பின்னால் இருந்தீர்கள்,” என்றார் பாரி. “கை நீட்டினதில் தப்பில்லை. ஆனால் மோராக்கின் முகத்தைப் பார்த்தேன். அவ இன்னும் முடிக்க நினைக்கவில்லை. அதுதான் கையைப் பின்னால் வைத்தேன். ஞாபகமில்லாமல் பிடித்துவிடுவேனோ என்று எனக்கே பயம். யார் கை நீட்டினாலும் பிடிக்கிற பழக்கம்.”

“பிடித்திருந்தால் நீங்கள் லேசாக வென்றிருப்பீர்கள்,” என்றார் மோராக்.

“பிடிக்காமல் கிட்டத்தட்டத் தோற்றேன்,” என்றார் பாரி. மேசை சிரித்தது. பிறகு அவர் என் பக்கம் திரும்பி, அந்தப் பெரிய கையை நீட்டினார். “இப்போது பிடிக்கலாம்.”

பிடித்தேன். பிடித்தபோதும் யாராவது தடுப்பார்களோ என்று ஒருமுறை சுற்றிப் பார்த்துக்கொண்டேன்.

மோராக் கண்ணாடியைத் துடைக்கவில்லை. “வருகிற சனி, அதே நால்வர்,” என்றார். கலா என் முதுகில் தட்டினாள்.

“பின்பாதியில் நன்றாக வேகம் பிடித்தீர்களே, எப்படி?” என்று பாரி கேட்டார்.

நான் காலைத் தூக்கி ரப்பர் உறையைக் காட்டினேன். “புதியது,” என்றேன். அவர் முடிச்சுகளைத் தடவிப் பார்த்துத் தலையசைத்தார்.

திரும்பும் பயணம் அருளப்பின் வானில். தெற்கு மோட்டர்வேயில் ஏறி, நகரத்தைத் தாண்டி, வடமேற்கால் ஹென்டர்சனுக்கு முக்கால் மணித்தியாலம். கதவுக்கு மேலிருந்த பிடியை நான் முழு வழியும் விடவில்லை. தும்புத்தடி இருவருக்கும் நடுவில் இருந்தது, பையைக் கட்ட மறந்துவிட்டேன். மகள் கதவைத் திறந்ததும் கேட்டாள், “விழுந்தனீங்களே அப்பா?” “இல்லை,” என்றேன். “தோத்தனீங்களே?” “ஓம்.” அவளுக்கு என் முகத்தைப் பார்த்து ஒன்றும் விளங்கவில்லை.

அதன்பிறகு ஆறு குளிர்காலம் ஆடினேன். விழவில்லை என்று சொல்ல மாட்டேன், இரண்டு தரம் விழுந்தேன். இடுப்பு முறியாமல் இருக்கிறது.

புதிதாகப் போகிறவர்களுக்கு: மெல்லிய உடுப்பு இரண்டு மூன்றாகப் போட்டுக்கொள்ளுங்கள், தடித்த கோட்டோடு குனிய முடியாது. அரை மணித்தியாலம் முன்னதாகப் போங்கள். வெறும் வயிற்றோடு போகாதீர்கள், கடைசிப் பஸ்ஸை நம்பிப் போகாதீர்கள், திரும்பிவர யாரையாவது ஒழுங்கு செய்துகொள்ளுங்கள். எதிரணி குனிந்தால் அசையாதீர்கள். கையை முதலிலும் கடைசியிலும் மட்டும் நீட்டுங்கள். நடுவில் யாராவது உங்கள் கையை மறுத்தால், வீட்டுக்குப் போகும் முன் ஏன் என்று கேளுங்கள்.

கடைசியாக ரப்பர் உறை. இத்தனை வருடமும் கிளப்புக்கு வந்த புதியவர்கள் எல்லோருக்கும் அதையே சொன்னேன். சிலர் அந்தச் சப்பாத்துக்காரரிடமே போய் வாங்கினார்கள். மூன்றாம் இலக்கத்தில் அதைத்தான் எழுதி வைத்தேன். அதை விரித்து எழுத இங்கே வந்தபோதுதான், மேலே நானே எழுதியதைத் திரும்ப வாசித்தேன். உறையை நான் முதல் சுற்றிலேயே மாட்டிவிட்டேன். நான்கு சுற்றும் அது என் காலில்தான் இருந்தது. அந்த நான்கு சுற்றுக்கும் ஒரு மணித்தியாலத்துக்கு மேல் போனது. பாரி கையைப் பின்னால் கட்டியபிறகு என் காலில் எதுவும் மாறவில்லை. வழி விடுவதும் மன்னிப்புக் கேட்பதும் கல்லுக்குக் குனிவதும்தான் நின்றன. அதுவும் நானாக நிறுத்தியதில்லை, பயத்தில் நின்றது.

மூன்றாவது இலக்கத்தில் எழுதியது பிழை. அதை அழிக்காமல் விட்டிருக்கிறேன். ரப்பர் உறை வாங்கியவர்கள் மன்னிக்க வேண்டும்.